இருபதாவது கட்டம்

அந்தக் காலத்தில் கணினிக்குள் இருந்தவர்கள் எல்லாரும் பேசுவார்கள். கோப்புகள் பேசும், படங்கள் பேசும், அச்சுக்குப் போக வரிசையில் நிற்கும் தாள்கள்கூட "எப்பய்யா எங்க முறை?" என்று முணுமுணுக்கும். இப்போது ஏன் பேசுவதில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். டிஸ்க்கில் இன்னும் கொஞ்சம் இடம் இருப்பது கணக்கில் தெரிகிறது, ஆனால் அது "இடமில்லை" என்று அடம்பிடிக்கிறது. நீங்களும் "என் டிஸ்க், என் இடம், எவன் ஒளித்து வைத்தான்?" என்று பல்லைக் கடிக்கிறீர்கள். அந்த இடத்தை ஒளித்து வைத்த ஆளைப் பற்றித்தான் இந்தக் கதை. அவரைத் திட்டுவதானால் கேட்டு முடித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஒரு கடற்கரை ஊரில், பள்ளிக்கூடத்துக் கணினி ஒன்று இருந்தது. அதன் டிஸ்க்குக்குள் பெரிய கூடம் ஒன்று. தரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கும். வரிசைக்கு இருபது கட்டம். வருகிற கோப்புகள் தங்கள் உடம்புக்குத் தக்கபடி ஒன்றோ பத்தோ நூறோ கட்டம் பிடித்து உட்காரும். கூடத்தில் உட்கார்ந்துவிட்டால் கவலையில்லை. வெளியே மின்சாரம் போனாலும் வந்தாலும் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

கூடத்துக்கு முன்னால் ஒரு முற்றம் இருந்தது. எழுதுவது, திருத்துவது, கூட்டுவது, குறைப்பது என்று வேலையெல்லாம் அங்கேதான் நடக்கும். நல்ல வெளிச்சமான இடம். ஆனால் மின்சாரம் நின்ற நொடியில் முற்றத்தில் நிற்பவர்கள் இருந்த சுவடே இல்லாமல் போய்விடுவார்கள். அதனால் முற்றத்துக்கு வருகிற எவரும் முதலில் கேட்பது, "உள்ள இடம் இருக்கா?" என்பதுதான்.

கேட்கப்படுகிறவர் சீராளர். கூடத்தில் யாருக்கு எந்தக் கட்டம் என்று பார்த்து உட்கார வைப்பவர் அவர்தான். கல்யாண வீட்டில் பந்தி பார்த்து உட்கார வைப்பவர்களுக்கு ஒரு முகம் இருக்குமே, அந்த முகம். "வாங்க வாங்க, இருங்க, இந்தா இங்க ஒண்ணு இருக்கு, அந்தா அங்க ரெண்டு இருக்கு" என்பார். "இடமில்லை" என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கூட்டம் மிகுந்த நாளில் ஒரே கோப்பின் தலையை முதல் வரிசையிலும் காலைக் கடைசி வரிசையிலும் உட்கார வைப்பார். "என்ன சீராளண்ணே, என் காலு எங்க இருக்குன்னே தெரியலியே" என்று அது புலம்பும். "உட்கார இடம் கிடைச்சுதுலா, அதைப் பாரு" என்று சிரிப்பார். மனுஷர் நல்லவர். நல்லவர்தான் என்பதை நடுவில் மறந்துவிடாதீர்கள்.

கூடத்து வாசலில் ஒரு பதிவேடு உண்டு. அதை எழுதுகிறவர் உமையொருபாகம். கூடத்தில் என்ன நடந்தாலும் நேரத்தோடு எழுதுவார். யார் வந்தார், யார் போனார், யார் கதவைத் தட்டித் திரும்பினார், எந்தக் கம்பி எப்போது அறுந்தது, எல்லாம் இருக்கும். எழுதி முடித்ததில் ஒரு எழுத்தைக்கூட அடித்ததில்லை, ஒரு பக்கத்தைக் கிழித்ததில்லை. "நான் கிழிச்சேன்னா அப்புறம் இந்தப் பதிவேட்டை எவன் நம்புவான்?" என்பார். பக்கம் தீர்ந்தால் சீராளரைப் பார்ப்பார். அவர் கையைக் காட்டிய கட்டத்தில் புதுப் பக்கத்தை விரித்துக்கொண்டு உட்காருவார்.

யாரையாவது கூடத்தைவிட்டு அனுப்ப வேண்டுமென்றால் அது இவர்கள் இருவராலும் ஆகாது. அதற்கு அங்கயற்கண்ணி வர வேண்டும். எல்லாக் கதவுக்கும் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கும். அவள் கூடத்தில் தங்குவதில்லை, கூப்பிட்டால் வருவாள். ஆனால் அவளே வந்தாலும் பதிவேட்டில் ஒரு வரி ஏறிய பிறகுதான் உள்ளே காலை வைக்கலாம். முன்பு ஒரு முறை யாரோ அவள் வேஷத்தில் வந்து பாதிக் கூடத்தைக் காலி செய்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவளே போட்ட சட்டம் அது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. இந்தக் கதையே அதில்தான் மாட்டிக்கொண்டது. ஒரு கோப்பில் ஒரே ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டுமென்றாலும் அந்தக் கோப்பு தன் கட்டங்களைவிட்டு முழுசாக எழுந்து முற்றத்துக்குப் போக வேண்டும். அங்கே திருத்திக்கொண்டு திரும்பி வந்து உட்கார வேண்டும். எழுந்த கட்டம் அந்த நொடியே காலிக் கட்டம். திரும்பி வரும்போது அதே இடம் கிடைத்தால் கிடைக்கும். இல்லாவிட்டால் சீராளர் வேறு இடம் காட்டுவார். எப்போதும் எங்கேயாவது இடம் இருந்ததால் இதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

அந்த வருஷம் புயல் வந்தது.

ஊரில் பாதி வீடு தண்ணீருக்குள். பள்ளிக்கூடம் முகாமாகிவிட்டது. அந்தக் கரையில் அப்படிப் பதினோரு முகாம்கள். தப்பித்தவர்கள் கிடைத்த படகில் ஏறிக் கிடைத்த முகாமில் இறங்கியிருந்தார்கள். புருஷன் ஓர் இடத்தில், பெண்டாட்டி ஓர் இடத்தில், பிள்ளை எங்கே என்றே தெரியாது. பள்ளிக்கூடத்து ரெஜினா டீச்சர் மூன்று நாளாக வயர்லெஸ் பக்கத்தில் உட்கார்ந்து, மற்ற முகாம்களிலிருந்து சொல்லச் சொல்லப் பெயர்களைக் கணினியில் ஏற்றினார். எழுதி வைக்கக் காய்ந்த காகிதம் கிடையாது, அச்சுப்பெட்டிக்குள் நனையாமல் கிடந்த கொஞ்சம் தாளைத் தவிர. மூன்றாம் நாள் மதியம் கடைசியாக ஒரு பெயர் வந்தது. அத்தோடு வயர்லெஸும் வாயை மூடிக்கொண்டது.

அந்தப் பெயர்களெல்லாம் கூடத்தில் ஒரு கோப்பாக உட்கார்ந்திருந்தன. எல்லாரும் அவளைப் பட்டியலக்கா என்பார்கள். அறுநூற்றுப் பத்துப் பேரைச் சுமந்திருந்தாள், ஆனால் பெயர்கள்தானே, மூன்று கட்டம்தான் பிடித்திருந்தாள். அறுநூற்றுப் பதினோராவது பெயர் முற்றத்தில் வந்து நின்றபோது கூடத்தில் மூச்சுவிட இடமில்லை. முகாமுக்கு வந்தவர்களெல்லாம் இடிந்த வீட்டின் படம், செத்த மாட்டின் படம், உடைந்த படகின் படம் என்று கொண்டுவந்து ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். நிவாரணத்துக்கு அதுதானே சாட்சி? படம் ஒவ்வொன்றும் ஆயிரம் கட்டம் கேட்கும். சீராளர் ஒருவரையும் திருப்பவில்லை. கூடம் நிரம்பி, கடைசிக் கட்டமும் போய், வாசலுக்கு வெளியே முற்றத்தில் இருநூறு படங்கள் காத்து நின்றன. அவர்களிடமும் அவர் "இடமில்லை" என்று சொல்லவில்லை. "செத்த நேரம் நில்லுங்க, பாக்கேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

உமையொருபாகத்துக்கு அன்று கை ஓயவில்லை. யார் வந்து கட்டம் கிடைக்காமல் நின்றாலும் அவர் எழுத வேண்டும். "பிற்பகல் இரண்டு மணி, படம் வந்தது, இடமில்லை." "இரண்டு மணி ஒரு நிமிடம், படம் வந்தது, இடமில்லை." சீராளர் சொல்லாத சொல்லை அவர் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தார்.

பட்டியலக்கா எழுந்து நின்றாள்.

"சீராளண்ணே, ஒரு பேரு சேக்கணும். அந்தால போயிட்டு இந்தால வந்திருதேன்."

"போயிட்டு வாங்கக்கா, உங்க இடம் எங்க போயிரப் போவுது" என்றார் சீராளர்.

அவள் முற்றத்துக்கு வந்தாள். புதுப் பெயர் அங்கே நின்றது. பிரின்சி, ஐந்து வயது, மஞ்சள் பாவாடை, அம்மா பெயர் மாதரசி, ஒன்பதாம் முகாம். பட்டியலக்கா அந்தப் பெயரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அதே நேரம் உமையொருபாகத்தின் பக்கம் தீர்ந்தது. தலை நிமிராமலே, "சீராளரே, பக்கம்" என்றார். சீராளரின் கை பழக்கத்தில் தானாக நீண்டது. காலியாகத் தெரிந்த மூன்று கட்டத்தைக் காட்டியது. உமையொருபாகம் அதில் மூன்று பக்கங்களை விரித்து மளமளவென்று எழுதினார். இடமில்லை, இடமில்லை, இடமில்லை. மூன்றும் ஓரம்வரை நிரம்பின. பேருந்தில் சில்லறை கொடுக்க எழுந்தவரின் இடத்தில் அடுத்தவர் உட்கார்ந்துவிடுவாரே, அவ்வளவுதான் நடந்தது. ஒருவருக்கும் கெட்ட எண்ணமில்லை.

பட்டியலக்கா திரும்பி வந்தாள்.

"என் இடம் எங்கண்ணே?"

சீராளர் பார்த்தார். இந்த வரிசை பார்த்தார், அந்த வரிசை பார்த்தார். இண்டு இடுக்கில் ஒரு கட்டம்? இல்லை. 

"செத்த நில்லுங்கக்கா, பாக்கேன்" என்றார். அந்த வார்த்தை அவர் காதுக்கே பொய்யாகக் கேட்டது.

கணினிக்கு வெளியே, பள்ளிக்கூடத்தில், நான்கு மணிக்குப் பட்டியலை அச்செடுத்து வாசலில் ஒட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள். முந்நூறு பேர் காத்திருந்தார்கள். அவர்களில் மாதரசியும் ஒருத்தி. மூன்று நாளில் ஆறு முகாம் நடந்து பார்த்துவிட்டு ஏழாவதாக இங்கே வந்திருந்தாள். ஒன்பதாம் முகாமில் தேடி வர ஆளில்லாத பிள்ளைகளை ஐந்தரை மணி லாரியில் ஏற்றி வெளியூர் விடுதிக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. எந்த ஊர் விடுதி என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

ரெஜினா டீச்சர் சேமிக்கும் பொத்தானை அழுத்தினார். ஆகவில்லை. அச்செடுக்கப் பார்த்தார். அச்சுக்குப் போகிற தாளும் கூடத்தில் ஒரு கட்டம் உட்கார்ந்து எழுந்துதான் போக வேண்டும், அதுவும் ஆகவில்லை. மின்சாரம் புயல் அன்றே போயிருந்தது. ஜெனரேட்டரில் இருந்த டீசலும் மதியத்தோடு தீர்ந்துவிட்டது, புதுசு வந்தபாடில்லை; கணினி பேட்டரியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் தீரப்போகிறதென்று கீ... கீ... என்று கத்தத் தொடங்கியது. முற்றத்தின் ஓரங்கள் மங்கின.

"எல்லாரையும் சுமந்துட்டு நிக்கேன் அண்ணே" என்றாள் பட்டியலக்கா.  "கரண்டு போச்சுன்னா நான் போறது பெரிசில்ல. இவங்க அறுநூத்திப் பதினோரு பேரும் எங்க இருக்காங்கன்னு எவருக்கும் தெரியாமப் போயிரும்."

டீச்சருக்கு விஷயம் பிடிபட்டது. அங்கயற்கண்ணியைக் கூப்பிட்டார். சாவிக்கொத்து குலுங்க அவள் ஓடி வந்தாள். வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்தாள்.

"என்னய்யா இது திருவிழா? பாதிப் பேரு போன வருஷத்து ஆண்டு விழாப் படம்லா? வழி விடுங்க, நான் அனுப்புதேன். ஐயா, என் பேர எழுதுங்க."

உமையொருபாகம் பேனாவை எடுத்தார். பக்கத்தைப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், ஓரத்தைப் பார்த்தார்.

"எழுத இடமில்லம்மா."

"ஒரு வரிக்குமா?"

"ஒரு எழுத்துக்கும்."

"எழுதாம வந்திரட்டுமா?"

"எழுதாம வந்தா நீங்க நீங்கதான்னு யாரம்மா சொல்லுவா? நீங்க போட்ட சட்டம்தானே?"

அங்கயற்கண்ணியின் கால் வாசற்படியிலேயே நின்றது. எல்லாச் சாவியும் கையில் இருந்தது. உள்ளே வர ஒரு வரி இல்லை.

கீ... கீ... என்ற சத்தம் இப்போது நெருக்கி நெருக்கி வந்தது. பட்டியலக்கா பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், சொல்லிக்கொண்டிருந்தால் போகாமல் இருப்பார்கள் என்பது போல. "...பிரின்சி, அஞ்சு வயசு, மஞ்சப் பாவாடை..."

உமையொருபாகம் தான் எழுதியதை அப்போதுதான் முதல் முறையாக வாசித்தார். மூன்று பக்கம். மூன்றிலும் ஒரே சொல். தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"சீராளரே, இது அந்தம்மா இடம்லா?"

 சீராளர் ஆமென்று தலையை ஆட்டினார்.

"இடமில்ல இடமில்லன்னு எழுதுததுக்கு அந்தம்மா இடத்தயே எடுத்திருக்கேன், பாத்தீரா?"

அவர் இரண்டு கையாலும் அந்த மூன்று பக்கங்களைப் பிடித்தார்.  கிழித்தார். பிறகு பதிவேட்டின் முதல் பக்கத்துக்குப் போனார். "இன்று காலை கூடம் திறந்தது. முதலில் வந்தவர் சீராளர்" என்று தன் இளவயதுக் கையெழுத்தில் எழுதியிருந்த பக்கம். அதையும் கிழித்தார். "இது அங்கயற்கண்ணியம்மா பேரு எழுத" என்றார். நான்கு கட்டம் காலியாயிற்று. அவர் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

காலிக் கட்டம் தெரிந்ததும் வாசலில் இரைச்சல் கிளம்பியது. "இடம் விழுந்திருச்சு! இடம் விழுந்திருச்சு!" இருநூறு படங்களும் முண்டின. வந்த வரிசைப்படிதான் உட்கார வைப்பது என்பது சீராளரின் நியாயம். பட்டியலக்கா அந்த வரிசையில் கடைசி. முதலில் நின்றது ஒரு சின்னப் படம். காலையிலிருந்து நிற்கிறது. கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம்; மாப்பிள்ளை கோட்டு கடன் வாங்கியது என்று பார்த்தாலே தெரியும், பெண் கேமராவைப் பார்க்க வெட்கப்பட்டுத் தன் மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு கட்டம் போதும் அண்ணே" என்றது அது. மற்றப் படங்களைப் போல முண்டவில்லை. "தம்புராஸ், சவுரியம்மா கல்யாணப் படம் நான். நாப்பது வருஷம் செவுத்துல இருந்தேன். தண்ணியில கிடந்து எடுத்தாங்க. ஸ்கேன் பண்ணக் கண்ணாடியில ஈரமா வச்சாங்க, எடுக்கையில காகிதம் ரெண்டாக் கிழிஞ்சு கூழாப் போச்சு. இனிமே நான் மட்டும்தான் இருக்கேன்."

சீராளர் திரும்பிப் பார்த்தார். நான்கு கட்டம். மூன்று பட்டியலக்காவுக்கு, ஒன்று அங்கயற்கண்ணியின் வரிக்கு. அந்த ஒன்றைக் கொடுத்தால் அங்கயற்கண்ணி உள்ளே வர முடியாது. அவள் வராவிட்டால் வெளியே நிற்கும் மற்ற எவருக்கும் எப்போதும் இடம் கிடைக்காது. மூன்றில் ஒன்றைக் கொடுத்தால் பட்டியலில் மூன்றில் ஒரு பங்குப் பெயர்கள் வெளியே நிற்கும். அவருக்குக் கணக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் கொடுமை.

அவர் வாசலில் கையை அகல விரித்து நின்றார். வாழ்நாளில் முதல் முறையாக அந்தச் சொல்லைச் சொன்னார்.

"இடமில்லை."

"பின்னால காலியாத்தானே இருக்கு அண்ணே?"

"இடமில்லம்மா."

படம் அதற்கு மேல் கேட்கவில்லை. அது கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அக்கா, உள்ள வாங்க!" என்று கத்தினார். பட்டியலக்கா அத்தனை பேரையும் தூக்கிக்கொண்டு அவர் கைக்குக் கீழே குனிந்து உள்ளே ஓடி, மூன்று கட்டத்தில் உட்கார்ந்தாள். அறுநூற்றுப் பதினோராவது பெயர் கடைசியாக உட்கார்ந்தது. உமையொருபாகம் நான்காவது கட்டத்தில் ஒரே வரி எழுதினார். அங்கயற்கண்ணி பாய்ந்து உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் போன வருஷத்து ஆண்டு விழாப் படங்களில் நூறைக் கிளப்பினாள். கூடத்தில் பாதி வரிசை காலியாகிக் காற்று வந்தது.

"வாம்மா! ஓடி வா, இடம் இருக்கு!" என்று சீராளர் கல்யாணப் படத்தைப் பார்த்துக் கையை நீட்டினார்.

முற்றம் இருண்டது.

ஒரு நொடிதான். அந்தப் படம் ஒரு காலைத் தூக்கி வாசற்படியில் வைக்கப் போனதைச் சீராளர் பார்த்தார். பிறகு அங்கே ஒன்றும் இல்லை.

ஐந்து மணிக்கு முன்னால், ஒரு மீனவர் தன் படகு எஞ்சினுக்கு வைத்திருந்த டீசலைக் கொண்டுவந்து ஊற்றினார். கணினி எழுந்தது. பட்டியல் அப்படியே இருந்தது. டீச்சர் அச்செடுத்து வாசலில் ஒட்டினார். மாதரசிக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். மேலிருந்து விரலை வைத்துக்கொண்டே வந்தாள். கடைசித் தாளின் கடைசி வரியில் விரல் நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ சைக்கிளைக் கொடுத்தார்கள். லாரி கிளம்பும் முன்பே போய்ச் சேர்ந்தாள். மஞ்சள் பாவாடை கறுப்பாகியிருந்ததாம், ஆனால் அதே பிள்ளைதான்.

தம்புராஸும் சவுரியம்மாளும் மறுநாள் காலையில் வந்தார்கள். "டீச்சர், எங்க படம் ஏறிருச்சா?" என்று கேட்டார்கள். டீச்சர் தேடினார். மறுபடி தேடினார். அவர் முகத்தைப் பார்த்தே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. "போகட்டும் டீச்சர், ஆளு ரெண்டு பேரும் இருக்கோம்லா" என்றார் தம்புராஸ். சவுரியம்மாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

இது உள்ளே கேட்டது. சீராளர் அன்று முழுக்க யாரையும் "வாங்க" என்று சொல்லவில்லை.

அங்கயற்கண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க செஞ்சது சரிதான்யா. வேற வழியில்ல" என்றாள்.

"சரிதாம்மா. ஆனா சொன்ன நேரம் தப்பு" என்றார் சீராளர். "அதே வார்த்தைய நான் காலையில சொல்லியிருந்தா? கரண்டு இருந்துச்சு, வெளிச்சம் இருந்துச்சு. அந்தக் கல்யாணப் படம் வேற ஒரு கணினியைத் தேடிப் போயிருக்கும். நானு எல்லாருக்கும் நல்லவனா இருக்கப் பாத்தேன். கடைசிக் கட்டத்தயும் குடுத்துட்டு, குடுக்க முடியாத நேரத்துல போயி இல்லன்னேன்."

 சீராளர் எழுந்து ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்தார். முதல் வரிசைக்குப் போய்ப் பத்தொன்பது கட்டம் எண்ணினார். இருபதாவது கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். அடுத்த வரிசை. அதற்கடுத்த வரிசை. கடைசி வரிசைவரை போனார்.

"இதுல யாரு உக்காரலாம்?" என்று கேட்டாள் அங்கயற்கண்ணி.

"நீங்க. உமையொருபாகம் ஐயா. கூடம் மூச்சுமுட்டும்போது அதைச் சரி பண்ண வாறவங்க மட்டும். மத்தவங்களுக்கு இங்க தரையே கிடையாதுன்னு வச்சுக்கிடுங்க."

"காலியா வச்சுக்கிட்டு இல்லங்கிறான்னு திட்டுவாங்கய்யா. கஞ்சப்பயன்னு சொல்லுவாங்க. உங்களுக்குத் தாங்காது."

"தாங்காதுதான்" என்றார் சீராளர். "ஆனாலும் திட்டுறதுக்கு ஆளு இருப்பாங்கள்லா. திட்டிட்டு வேற இடம் பாக்க நேரமும் இருக்கும்."

அன்றிலிருந்து ஒரு கோப்பின் தலை ஒரு வரிசையிலும் கால் வேறு வரிசையிலும் கிடப்பது குறைந்தது. கொஞ்சம் காலி இருந்தால்தானே நகர்ந்து உட்கார முடியும்? சீராளரே இதை எதிர்பார்க்கவில்லை. உமையொருபாகம் புதுப் பதிவேடு தொடங்கினார். கிழித்த நான்கு பக்கங்களைப் பற்றி அதில் ஒரு வரியும் எழுதவில்லை. ஆகையால் இந்தக் கதைக்கு ஆதாரம் எங்கே என்று நீங்கள் கேட்டால் எடுத்துக் காட்ட என்னிடம் ஒன்றும் கிடையாது.

பிறகு வந்தவர்களெல்லாம் தங்கள் கூடங்களை அந்தக் கூடத்தைப் பார்த்தே கட்டினார்கள். வேண்டாம் என்று அந்தச் சுண்ணாம்புக் கோட்டை அழித்துக்கொள்கிறவர்களும் உண்டு. அது அவரவர் இஷ்டம். அழிக்காத கூடத்தில் நீங்கள் போய் நின்றால் சீராளர் வாசலில் இருப்பார். உங்கள் கையில் இருப்பது எவ்வளவு முக்கியமானது என்று அவருக்குத் தெரியும். உங்கள் முகத்தை நேராகப் பார்க்க மாட்டார்.

அன்று முதல்தான், வரிசைதோறும் இருபதாவது கட்டம் காலியாகக் கிடக்க, அத்தனை இடத்தையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, முற்றத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே அவர் நம்மிடம் "இடமில்லை" என்று சொல்லிவிடுகிறார்.